பவுனுக்கு ரசீது இருக்கா?

நான் உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீலாக நுழைந்தபோது, கணவனைப் பிரிந்து வந்த பெண்ணுக்கு மாஜிஸ்டிரேட் போடக்கூடிய ஜீவனாம்சம் அதிகபட்சம் மாதம் 500 ரூபாய். ஏலத்தோட்ட முதலாளியின் மனைவி வந்தாலும் 500தான். அதே தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற கூலிக்காரரின் மனைவி வந்தாலும் 500தான். அதற்கு மேல் எழுத நீதிபதிக்கே மனம் இருந்தாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு விடாது. அந்த வரம்பை எடுத்தது 2001-இல். தேனி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. உயர் நீதிமன்றம் என்றால் சென்னை. மதுரைக்குக் கிளை வந்தது 2004 ஜூலையில். அதுவரை, “மெட்ராசு வரைக்கும் பார்த்துருவோம்” என்று மாப்பிள்ளை வீட்டார் வராண்டாவில் சத்தமாகச் சொன்னால் போதும், பெண்ணின் அப்பா பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்துவிடுவார். ராத்திரி பஸ்ஸுக்கும் லாட்ஜுக்கும் ஆகிற செலவை அவர் அங்கேயே மனக்கணக்குப் போட்டிருப்பார்.

பொம்பளை வக்கீல் என்பதால் குடும்ப வழக்குக் கட்டுகளையெல்லாம் சீனியர் என் மேசைக்குத் தள்ளினார். பிறகு அதுவே என் பிழைப்பாகிவிட்டது. இத்தனை காலத்தில் எனக்குப் புரிந்தது, விவாகரத்து வழக்கில் பாதிக்கு மேல் பண வழக்குதான் என்பது. ஆனால் பணத்தின் கதி கோர்ட்டில் முடிவாவதில்லை. சேர்த்து வைப்பதா பிரித்து விடுவதா என்று இரண்டு குடும்பமும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில்தான் நகை வேறு கைக்கும், நிலம் வேறு பெயருக்கும் போய்விடுகிறது, கடன் மட்டும் அந்தப் பெண்ணின் பெயரில் தங்கிவிடுகிறது. எங்களிடம் வரும்போது கையில் கல்யாண ஆல்பம் ஒன்றுதான் இருக்கும்.

“பாதிச் சொத்து எனக்கு வரும்ல வக்கீலம்மா?” என்று கேட்காத பெண் இப்போது இல்லை. வராது. கோவாவைத் தவிர்த்தால், இந்தியாவில் கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்று ஒரு கணக்கைச் சட்டம் வைக்கவில்லை. பத்திரம் யார் பெயரிலோ, அவருடையது. கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு தருகிற ஒரு திருத்த மசோதா 2013-இல் ராஜ்யசபாவில் நிறைவேறியது; மக்களவைக்குப் போய்ச் சட்டமாகாமலே காலாவதியானது. ஆகவே பெண்ணுக்குக் கிடைப்பவை மூன்று: அவளுடைய நகையும் சீரும், மாதாமாதமோ மொத்தமாகவோ ஜீவனாம்சம், குடியிருக்க ஓர் இடம். இந்த மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும்.

நகையிலிருந்து ஆரம்பிக்கிறேன், எங்கள் பக்கத்தில் எல்லா வழக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

“எத்தனை பவுன் போட்டீங்க?” என்று கேட்டால் அப்பா ஒரு கணக்கு சொல்வார், அம்மா ஒரு கணக்கு சொல்வார், பெண் மூன்றாவதாக ஒன்று சொல்வாள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. தாய்மாமன் போட்டது, பாட்டியின் காசுமாலையை அழித்துச் செய்தது, மாப்பிள்ளைக்குப் போட்ட செயினும் மோதிரமும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சேர்த்தும் விட்டும் எண்ணுவார்கள். தொண்ணூறுகளில் பெரும்பாலான நகை ஊர் ஆசாரி அடித்தது. ரசீது கிடையாது. எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்; அது பீரோவில் கிடந்து மக்கிப்போகும்.

எனக்குக் கிடைத்த நல்ல சாட்சிகளில் ஒன்று மொய் நோட்டு. மதுரை, தேனிப் பக்கத்து மொய் விவகாரம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. வரவு வைத்தால் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் வாசலில் மேசை போட்டு, ஊரும் பெயரும் தொகையும் சுத்தமாக எழுதுவார்கள். சின்னமனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வழக்கில் நகையே போடவில்லை என்று எதிர்த்தரப்பு ஒரே அடியாக மறுத்தது. அவள் அப்பா துணிப்பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர், செயின் 3 பவுன் என்று இருந்தது. அதற்குக் கீழே சித்தப்பா, அத்தை, கூடவே அண்டா, குத்துவிளக்கு. எழுதியவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். சண்டை வரும் என்று யாருக்கும் தெரியாத நாளில் எழுதியது என்பதால் குறுக்கு விசாரணையில் அதை அசைக்க முடியவில்லை. நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

இதில் சட்டம் எங்களுக்குத் தோதாகத்தான் இருந்தது. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே சொந்தம், கணவனிடமோ மாமியாரிடமோ இருந்தால் அவர்கள் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த விதிகள்படி கல்யாணத்தன்று கொடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு பட்டியலோடு என்னிடம் வந்த குடும்பத்தை விரல்விட்டு எண்ணலாம். கேட்டால், “நல்ல காரியத்துல போயி கையெழுத்து கேட்டா என்ன நினைப்பாக?” என்பார்கள். மண்டபத்து நாற்காலிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

மனு எழுதுகிற விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய கட்டுகளைப் பார்த்தால், 30 பவுன் நகை, மதிப்பு 75,000 ரூபாய் என்று எழுதி, அந்த ரூபாயைக் கேட்டிருப்பார்கள். அன்றைய விலைக்கு அது சரி. வழக்கு எட்டு வருடம் ஓடியபின் எதிராளி 75,000-த்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். நகையாகவே திருப்பித் தர வேண்டும், தவறினால் கொடுக்கிற தேதியில் உள்ள விலையைத் தர வேண்டும் என்று கேட்பதுதான் சரி. இந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் ஜூனியர்கள் கொண்டுவரும் மனுவில் முதலில் தேடுகிறேன்.

அடகு வைத்த நகை இன்னும் சிக்கல். விவசாயச் செலவு, ஜீப் வாங்க, தங்கச்சி கல்யாணம் என்று மனைவியின் நகையைக் கணவன்தான் கொண்டுபோய் வைக்கிறார். அடகுச் சீட்டு அவர் பெயரில் இருக்கும். கூட்டுறவுச் சங்கமானாலும் வங்கியானாலும் தனியார் நிறுவனமானாலும் சீட்டு யார் பெயரிலோ அவர் கையில்தான் நகையைக் கொடுப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூட்டுறவு நகைக் கடன்களில் 5 பவுன் வரை தள்ளுபடி என்று 2021-இல் அரசு அறிவித்தபோது, பிரிந்து வாழ்ந்த ஒரு பெண் ஓடி வந்தாள். அவளுடைய நாலரைப் பவுன் ஆரம் கணவன் பெயரில் அடகில் இருந்தது. கடன் தள்ளுபடியானால் ஆரம் சும்மா அவர் கைக்குப் போகும். நான் அனுப்பிய நோட்டீசை வாங்கிக்கொண்ட சங்கச் செயலாளர், “கோர்ட்டு உத்தரவு கொண்டாங்கம்மா, நிறுத்தி வைக்கிறோம்” என்றார். நியாயமான பேச்சு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், நகையையோ லாக்கரையோ வங்கிக் கணக்கையோ கைமாற்றக் கூடாது என்று மாஜிஸ்டிரேட்டே தடை போடலாம். 19-ஆவது பிரிவில் திருப்பித் தரச் சொல்லவும் இடமிருக்கிறது. 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தை ஊரில் அடிதடிக்கான சட்டம் என்று மட்டும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பணத்தைக் காப்பாற்ற அதைவிட வேகமான வழி வேறில்லை. அந்த ஆரம் நின்றது.

இப்போது ஹால்மார்க் வந்துவிட்டது. 2021-இல் கட்டாயமாகி, 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு உருப்படிக்கும் ஆறு எழுத்து எண் இல்லாமல் விற்க முடியாது. ரசீதும் இருக்கிறது. ஆனால் கடையில் நின்றுகொண்டு, “பில்லை மாப்பிள்ளை பேர்ல போட்டுருங்க” என்று மாமனாரே பெருமையாகச் சொல்கிற குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பஞ்சாயத்துப் பத்திரம் வேறு கதை. ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒரே நாளில், ஒரே ஆளின் மனைவி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் அரசு ஊழியர், பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மூத்தவளைப் பல வருடங்களுக்கு முன்பே மந்தையில் வைத்துப் பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துவிட்டிருந்தார்கள். இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை, சேர வேண்டியதெல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அவள் கைநாட்டு, கீழே ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர். அடுத்த முகூர்த்தத்திலேயே அவர் இளையவளைக் கட்டிக்கொண்டார். அந்தத் தாளை விவாகரத்து என்று இரண்டு பெண்களும் நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள்.

சில சமூகங்களில் தீர்த்து விடுகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, எடுத்துச் சொல்லிச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நிரூபிக்க முடியாவிட்டால் மூத்தவள்தான் சட்டப்படி மனைவி, குடும்ப ஓய்வூதியம் அவளுக்குத்தான். இளையவள் அவரோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவள். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து பார்த்தவளும் அவள்தான். அவளுக்கு மனைவி என்ற முறையில் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் 16-ஆவது பிரிவில் அப்பா சொத்தில் பங்கு உண்டு. “எனக்கு நாப்பதாயிரம் கொடுத்து அனுப்புனாக அக்கா, இப்ப நான் என்ன கேக்குறது?” என்று மூத்தவள் என்னிடம் கேட்டாள். பணிக்கொடையைப் பிள்ளைகள் வகையில் பிரிப்பதற்கு அவளாகவே ஒத்துக்கொண்டாள். அதற்கு அவளிடம் கைநாட்டு வாங்கியபோது இளையவள் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் குடும்பமும் அப்படி முடியாது.

அந்த மாதிரித் தாளில், இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று ஒரு வரியும் இருக்கும். அது பெண்ணைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த வரியைப் பார்த்துப் பயந்தே எத்தனையோ பேர் கோர்ட்டுப் படி ஏறவில்லை.

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அங்கே ஜமாஅத் தப்தரில், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் தொகை எழுதியிருக்கும், சாட்சி இருக்கும். கல்யாணத்தன்றே கறுப்பு வெள்ளையாக எழுதி வைக்கிற வழக்கத்தை அவர்களிடம் நான் மெச்சியிருக்கிறேன். தொகைதான் சின்னது. ஷா பானு தீர்ப்புக்குப் பிறகு 1986-இல் வந்த சட்டத்தால் இத்தா காலமான மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் கிடையாது என்றே பல வருடம் வாதிட்டார்கள். டேனியல் லத்தீபி வழக்கில் 2001-இல், அந்த மூன்று மாதத்துக்குள் வருங்காலம் முழுமைக்கும் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 125-ஆவது பிரிவிலும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் திட்டவட்டமாகச் சொன்னது. இடையில் இருந்த வருடங்களில் வந்த பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

வருமானத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலில் ருசியான வேலை. வீடு கம்பத்திலோ போடியிலோ இருக்கும். தோட்டம் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில் இருக்கும். கீழே கோர்ட்டில் கணவன் ‘எனக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, அப்பாவின் தோட்டத்தில் கூலி வாங்குகிறேன்’ என்று பதில் மனு போடுவார். தோட்டப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், வில்லங்கம் பார்க்க அங்கேயுள்ள சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், சில இடங்களில் பட்டயமே இருக்காது, அனுபோகம்தான். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று பக்கமும் ஏறியிருக்கிறேன். பிறகு தெரிந்துகொண்டேன்: பத்திரத்தைவிட ஏலப் பட்டியல் பேசும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்துகிற மின்னணு ஏலத்தில் காய் போட்டால் யார் பெயரில், எத்தனை கிலோ, என்ன விலை என்று தாள் இருக்கும். இதைத் தெரிந்தவர்கள் பில் இல்லாமல் வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள். அப்போது பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, எல்ஐசி பிரீமியம், ஜீப்பின் ஆர்சி என்று சுற்றி வளைத்து வர வேண்டும். மாதம் எட்டாயிரம் கூலி வாங்குகிறவர் கொடைக்கானலில் பிள்ளையை விடுதியில் சேர்த்திருப்பது எப்படி என்று ஒரு கேள்வி போதும்.

ஏலக்காயில் இன்னொரு வினோதம் உண்டு. 2018 ஆகஸ்டு மழையில் தோட்டங்கள் சரிந்து விளைச்சல் விழுந்ததால், 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. அந்த வருடம் ஜீவனாம்ச மனு போட்ட பெண்களுக்கு நல்ல தொகை கிடைத்தது. இரண்டு மூன்று வருடத்தில் விலை ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கணவர்கள் தொகையைக் குறைக்கச் சொல்லி வரிசையாக மனு போட்டார்கள், அதிலும் நியாயம் இருந்தது. தோட்டக்காரர் வழக்கில் நான் இப்போது ஒரு வருடக் கணக்கைக் காட்டுவதில்லை, ஐந்து வருடச் சராசரியைத்தான் காட்டுகிறேன். இரண்டு பக்க வக்கீலுக்கும் அது வசதி.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் வேலையைப் பெருமளவு மாற்றியது. கணவன், மனைவி இருவரும் சொத்து, வருமானம், கடன், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டும். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். முன்பு இழுத்தடித்தவருக்கு லாபம். இப்போது இழுத்தடித்தால் பாக்கி ஏறும். ஆனால் அந்தப் பாக்கியை வசூலிக்க ஒரு கெடு இருக்கிறது, பலருக்கும் தெரியாது. கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நிறைவேற்று மனு போடாவிட்டால் அந்த மாதத்துப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது. மூன்று வருடம் பொறுமையாக இருந்துவிட்டு வருகிற பெண்ணுக்கு இரண்டு வருடப் பணம் அந்த வழியில் போய்விடும். என் குமாஸ்தா ஒரு காலண்டரில் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தேதி குறித்து வைத்து, போன் போட்டு வரச் சொல்கிறார். அந்த 125-ஆவது பிரிவுக்கு இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எண் 144; கெடு அதேதான்.

நோட்டீஸ் போன வாரத்திலேயே நிலத்தை அம்மா பெயருக்கு எழுதி வைப்பது எங்கள் பள்ளத்தாக்கில் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் வில்லங்கச் சான்று வாங்குவதற்குள் விற்றே முடித்திருப்பார்கள். பதிவுத் துறையின் விவரங்கள் இணையத்தில் வந்தபின் என் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடுகிறேன். அந்தப் பத்திரங்களில், அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும் ரொக்கம் எதுவும் பெறாமல் என்று எழுத்தர் வழக்கமான நடையில் எழுதியிருப்பார். எனக்கு வேண்டியது அந்த வரிதான். சும்மா வாங்கியவரிடமிருந்து ஜீவனாம்ச உரிமையை அந்தச் சொத்தின் மேலேயே வசூலிக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு இடம் தருகிறது. விலை கொடுத்து வாங்கின மாதிரி காட்டியிருந்தால்தான் சிரமம்.

பெண்ணின் பிறந்த வீட்டையும் சொல்ல வேண்டும். வழக்குச் செலவை அப்பா செய்வார், அண்ணன் கூட வருவான். ஆறாவது மாதம் அண்ணன் தனியாக வந்து, “தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுங்கம்மா” என்பான். 1989-இலேயே தமிழ்நாடு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதும் வந்தது. வாழ்க்கை கலைந்து நிற்கிறவளிடம் அந்த நேரத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதே என்று அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிலர் வேறு வக்கீலிடம் போய்விட்டார்கள்.

ஆண்களுக்கும் இதே நிலை வருகிறது. கம்பம் பக்கத்து ஆள் ஒருவர் வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். அனுப்பிய பணமெல்லாம் மனைவி கணக்கில். வீடு கட்டியது மாமனாரின் பட்டா நிலத்தில். “நம்ம வீடுதானே மாப்ள” என்று சொன்னாராம். பிரிவு வந்தபோது மண் மாமனாருடையது, அதன் மேல் நின்ற இரண்டு மாடியும் அவரோடு போகப் பார்த்தது. மனைவி பெயரில் வாங்கிய வீட்டுமனை வேறு ஒன்று இருந்தது. மனைவி பெயரில் வாங்கினால் அது அவளுடைய நன்மைக்கு வாங்கியது என்றே 1988-ஆம் வருட பினாமிச் சட்டம் எடுத்துக்கொண்டது. மாற்றிச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல வேளையாக, செங்கல் சூளையிலிருந்து கொத்தனார் வரைக்கும் கொடுத்த பணத்துக்கு அவருடைய தம்பி ரசீது வைத்திருந்தான். கட்டடச் செலவில் ஒரு பகுதியைப் பேசி வாங்கினோம்.

அவரிடமே நான் இன்னொரு கதையும் சொன்னேன். சவூதியில் வேலை பார்த்த கண்ணையன் நாயுடு என்பவர் தான் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் முழுவதும் தனக்கே என்று மனைவி கம்சலா அம்மாள் மேல் போட்ட வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சம்பாத்தியத்துக்குச் சமம் என்று சில சொத்துகளில் சரிபாதி கொடுத்தார். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்பது சாரம். அது விவாகரத்து வழக்கு அல்ல. எல்லா வீட்டுக்கும் பாதி என்று சட்டம் மாறிவிடவும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் என் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு வந்த கணவர்களின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

கடனைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. மகளிர் குழுவில் மனைவி பெயரில் எடுத்த கடனைக் கணவன் தண்ணி மோட்டாருக்குப் போட்டிருப்பார். பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்தால், பின்னாலேயே குழுப் பெண்கள் வந்து நிற்பார்கள்; ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கு அடுத்த கடன் கிடையாது. “உன் புருசன் சங்கதி எங்களுக்கு எதுக்கு மதினி, தவணையைக் கட்டு” என்பார்கள். அவர்கள் பாடு அவர்களுக்கு. கோர்ட்டு உத்தரவு எதுவும் அந்தக் கடனைக் கணவன் தலைக்கு மாற்றாது. மாத ஜீவனாம்சம் கேட்கும்போதே இந்தத் தவணையைச் செலவுக் கணக்கில் காட்டச் சொல்வேன். எதிர்ப்பக்கம் வேறு ஒரு கைவேலை நடக்கும்: சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் லட்சக்கணக்கில் புரோநோட்டு எழுதி, தலைக்கு மேல் கடன் என்று காட்டுவார்கள். எல்லா நோட்டிலும் ஒரே பேனா, ஒரே மை. அந்தச் சித்தப்பா எந்த வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிகிற, இந்து திருமணச் சட்டத்தின் 13-பி மனுவில் பணத்தைக் கைமாற்றுகிற வரிசைதான் முக்கியம். மனு போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடையில் எந்தத் தரப்பும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டு மறுபடி வராமல் போனவர்களையும், பணத்தைக் கடைசிவரை காட்டாமல் தீர்ப்பை மட்டும் வாங்கிப் போகப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதி முதல் மனுவோடு, மீதி இரண்டாவது நாள் நீதிபதி முன்னால், இரண்டும் டிமாண்ட் டிராப்டாக. ரொக்கம் என்றால் என் அறைக்குள் வராதீர்கள் என்பேன். வீடோ நிலமோ எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தீர்ப்பு வருமுன், கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மென்ட் பதிய வேண்டும். குடும்பத்தாருக்கான சலுகைக் கட்டணத்தில் முடிந்துவிடும். தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் சட்டப்படி அன்னியர்கள், கிரயத்துக்கு உள்ள கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். வித்தியாசம் சின்னத் தொகை அல்ல. பிள்ளைகளின் பங்கை அம்மா விட்டுக்கொடுக்கவும் முடியாது. அந்த வரியை எழுதிக்கொண்டு வந்தால் அடித்துவிடுகிறேன்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். வழக்கு நடத்துகிற செலவையும் கணவனிடமே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் கேட்கலாம். வருமானம் இல்லாத கணவன் சம்பாதிக்கிற மனைவியிடம் கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. சமீபமாக அப்படியும் மனுக்கள் வருகின்றன.

காரணம், வருகிற பெண்கள் மாறிவிட்டார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கணினி வேலை, கணவனைவிடக் கூடுதல் சம்பளம். நகைக்கு ரசீது வைத்திருக்கிறார்கள், யுபிஐ பட்டியலை எக்செல்லில் போட்டு அனுப்புகிறார்கள். மாட்டிக்கொள்வது வீட்டுக் கடனில். போன மாதம் வந்த போடிப் பெண்ணுக்குச் சென்னையில் ஒரு பிளாட். பத்திரம் கணவன் பெயரில் மட்டும், கடனில் இருவர் பெயரும், தவணை போவது இவள் சம்பளத்திலிருந்து. விவாகரத்து ஆனால் கடன் பாதியாகும் என்று நினைத்திருந்தாள். வங்கிக்கு விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை, இருவரில் யாரிடமும் முழுப் பணத்தையும் கேட்கும். தவணையை நிறுத்தினால் இவளுடைய சிபில் மதிப்பெண்தான் விழும். நிறுத்தாவிட்டால் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. “அப்ப நான் என்ன பண்றது மேடம்?” என்றாள். இதுவரை கட்டிய தவணை ஒவ்வொன்றுக்கும் வங்கி அறிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிளாட்டை விற்கக் கூடாது என்று தடை கேட்டு மனு தயார். பாதிப் பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் தொடர்ந்து கட்டுவதாகவும், இல்லையென்றால் விற்றுக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டின விகிதத்தில் பிரிக்கலாம் என்றும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த தவணை 5-ஆம் தேதி. அதை அவள் கட்டட்டும் என்றுதான் சொன்னேன், ஆனால் தன் கணக்கிலிருந்து, எதற்கென்று குறிப்புப் போட்டு.